விலைக்கு வராத மலை

மிசூரி ஆறு அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தை வடக்கு தெற்காக வகிர்ந்து ஓடுகிறது. ஆற்றுக்குக் கிழக்கே மக்காச்சோளமும் சோயாவும் விளையும் சமவெளி. மேற்கே மழை குறைந்த மேய்ச்சல் நிலமும், மழையும் காற்றும் அரித்து உருவாக்கிய பேட்லாண்ட்ஸ் மண்மேடுகளும் உள்ளன. மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் எழுந்து நிற்பது கறுப்பு மலை. அடர்ந்த பைன் காடு தொலைவிலிருந்து பார்க்கக் கறுத்துத் தெரிவதால் லகோட்டா பழங்குடி மக்கள் இதைப் ‘பஹா சாப்பா’ என்கிறார்கள். அதன் பொருளும் கறுப்பு மலைதான். புனிதமான நிலத்துக்கு விலை வைக்க முடியுமா என்ற கேள்வி நூறாண்டுகளுக்கு மேலாக இந்த மலையைச் சுற்றி வருகிறது.

மலையின் தென்பகுதியில் ‘விண்ட் கேவ்’ என்னும் குகை இருக்கிறது. அதன் இயற்கை வாயில் சுமார் 25 செ.மீ.க்கு 30 செ.மீ. அளவே உள்ள ஒரு துளை. அதனருகே ஒரு நாடாவைப் பிடித்தால், வெளிக்காற்றின் அழுத்தத்தைப் பொறுத்து அது உள்ளே இழுபடும் அல்லது வெளியே படபடக்கும். மனித இனம் பூமிக்கடியிலிருந்து இந்தத் துளை வழியாகவே மேலே வந்தது என்பது லகோட்டா மரபு. காலம் கனியுமுன் வந்தவர்கள் காட்டெருமைகள் ஆனார்கள். பூமி பக்குவமான பின் வந்தவர்கள் மனிதர்களாகவே நிலைத்தார்கள். ஆகவே அவர்களுக்கு மலை பிறந்த வயிறு, காட்டெருமை உடன்பிறப்பு.

1868இல் லாரமி கோட்டையில் அமெரிக்க அரசுடன் கையெழுத்தான உடன்படிக்கை, கறுப்பு மலையை உள்ளடக்கிய பெரும்பரப்பை, லகோட்டா உள்ளிட்ட சூ மக்களுக்கே உரியதாக ஒப்புக்கொண்டது. வயதுவந்த ஆண்களில் நான்கில் மூன்று பங்கினர் கையெழுத்திடாமல் அதில் எந்தப் பகுதியையும் விட்டுக்கொடுத்தால் செல்லாது என்றும் அது கூறியது. 1874இல் அமெரிக்கப் படை அதிகாரி கஸ்டர் தலைமையில் சென்ற படை அங்கே பொன் இருப்பதைக் கண்டது. பொன் தேடுவோர் குவிந்தனர், போர் மூண்டது. மலையை விட்டுக்கொடுத்தால்தான் உணவுப் பங்கீடு என்று அமெரிக்க அரசு நெருக்கியும் தேவையான கையெழுத்துகள் சேரவில்லை. இருந்தும் 1877இல் ஒரு சட்டத்தின் மூலம் மலை எடுத்துக்கொள்ளப்பட்டது. 1889இல் தெற்கு டகோட்டா மாநிலமாயிற்று. மறு ஆண்டு டிசம்பர் 29 அன்று, வூண்டட் நீ ஓடைக்கரையில் நூற்றுக்கணக்கான லகோட்டா மக்களை அமெரிக்கப் படைவீரர்கள் சுட்டுக் கொன்றனர்.

மலையோ பொன்னை வாரிக் கொடுத்தது. லீட் நகரின் ஹோம்ஸ்டேக் சுரங்கம் 2002 வரை இயங்கி, ஆயிரம் டன்னுக்கு மேல் பொன் ஈந்தது. லகோட்டா மக்கள் ‘ஆறு பாட்டனார்கள்’ என்று அழைத்த பாறையில், 1927 முதல் 1941 வரை நான்கு குடியரசுத் தலைவர்களின் முகங்கள், ஒவ்வொன்றும் சுமார் 18 மீட்டர் உயரத்தில், செதுக்கப்பட்டன. உடைத்தெடுத்த கல்லில் பெரும்பகுதி டைனமைட்டால் பெயர்க்கப்பட்டது. இன்று ரஷ்மோர் மலை என்று உலகம் அறியும் அந்தச் சின்னம் மாநிலத்தின் சுற்றுலா வருவாய்க்கு ஆணிவேர்.

1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மலை உரிய ஈடு தராமல் எடுக்கப்பட்டது என்று 8-க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. 1877ஆம் ஆண்டு மதிப்பு 1.71 கோடி டாலர். வட்டியோடு ஈட்டுத்தொகை பத்துக் கோடிக்கு மேல். சூ மக்கள் அதைத் தொடவில்லை. அரசுக் கணக்கிலேயே வளர்ந்து அந்தத் தொகை இன்று நூறு கோடி டாலரைத் தாண்டிவிட்டது.

இந்த மறுப்பை எதிர்த்து இரண்டு வாதங்கள் எழுகின்றன. லகோட்டா மக்களே 18ஆம் நூற்றாண்டில் மற்ற பழங்குடிகளை விலக்கிவிட்டு இங்கே வந்தவர்கள் என்பது முதலாவது. உடைமை வழக்கில் இதற்கு எடை உண்டு. ஆனால் புனிதம் பட்டாவைப் போன்றதன்று. மலைக்கு வடகிழக்கே தனித்து நிற்கும் பேர் பியூட் குன்றை லகோட்டா மக்களும் செயேன் மக்களும் புனிதமாகக் கொள்கிறார்கள்; மரக்கிளைகளில் வண்ணத் துணிகளைக் கட்டி வேண்டிக்கொள்கிறார்கள். ஒருவர் வழிபடுவதால் மற்றவருக்கு அது குறைந்துவிடுவதில்லை. உடைமை பிறரை விலக்கினால்தான் உடைமை. புனிதத்துக்கு அந்த வேலி தேவையில்லை.

இரண்டாவது வாதம் வயிற்றிலிருந்து வருவது. லகோட்டா மக்கள் வாழும் பைன் ரிட்ஜ் ஒதுக்கீட்டு நிலம் அமெரிக்காவின் மிக ஏழ்மையான பகுதிகளுள் ஒன்று. பணத்தை வாங்கினால் என்ன என்று கேட்பவர்கள் லகோட்டா மக்களுக்குள்ளேயும் இருக்கிறார்கள். அதற்கு மறுப்பாளர் சொல்லும் விடை, விலை போதாது என்பதன்று. ஈட்டை ஏற்பது விற்பனைக்கு இசைவதாகிவிடும். விற்பவர் தமக்குச் சொந்தமான பொருளைத்தான் விற்க முடியும். மலை தங்களுக்குச் சொந்தம் என்பதைவிட, தாங்கள் மலைக்குச் சொந்தம் என்பதே அவர்கள் நிலை.

2012இல் இந்த நிலை ஒரு சோதனையைச் சந்தித்தது. மலையின் நடுவே உள்ள ‘பே ஸ்லா’ என்னும் புனிதப் புல்வெளி விற்பனைக்கு வந்தபோது, சூ பழங்குடிகள் சில ஒன்றுசேர்ந்து 1,900 ஏக்கருக்கு மேற்பட்ட அந்த நிலத்தை 90 லட்சம் டாலருக்கு வாங்கின. விலை இல்லாததற்கு விலை கொடுத்தது முரண்தான். ஆனால் 2016இல் அந்த நிலம் பழங்குடிகளுக்காகக் கூட்டரசின் பொறுப்பில் வைக்கப்பட்டது. இனி அதை வழக்கமான முறையில் விற்க முடியாது. சந்தையிலிருந்து மீட்பதற்காகவே அவர்கள் ஒருமுறை சந்தைக்குள் போனார்கள்.