மாத்தித் தர்றோம் சார்!

புதுக் கார் வாங்கினால் கோயில் வாசலில் நிறுத்தி, நான்கு சக்கரங்களுக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். அமெரிக்காவில் எலுமிச்சை, அதாவது 'லெமன்', என்றால் வாங்கிய நாளிலிருந்து மக்கர் செய்துகொண்டே இருக்கும் கார் என்று அர்த்தம். அந்த மாதிரிக் கார்களுக்காகவே 1982ல் கனெக்டிகட் மாநிலத்தில் சட்டம் போட்டார்கள். ஒரே கோளாறை நான்கு தடவை பார்த்தும் சரியாகவில்லை, அல்லது மொத்தம் முப்பது நாள் வண்டி ஒர்க்‌ஷாப்பிலேயே கிடந்தது என்றால் வேறு வண்டி, இல்லாவிட்டால் பணம் வாபஸ் கேட்கலாம். மற்ற மாநிலங்களும் பின்னாலேயே வந்தன. சிங்கப்பூரில் 2012ல் வந்தது. நமக்கு அந்தப் பெயரில் சட்டம் எதுவும் இல்லை. நுகர்வோர் நீதிமன்றம் இருக்கிறது, பொறுமையும் இருக்கிறது.

உங்கள் காரில் ஆல்டர்னேட்டர் போய்விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் சமாசாரம் அது. போய்விட்டால் பேட்டரியில் தெம்பு இருக்கும்வரை வண்டி ஓடும், அப்புறம் கத்திப்பாரா மேம்பாலத்தில் நின்றுவிடும். "வாரண்டில இருக்கு, மாத்தித் தர்றோம் சார்" என்கிறார்கள். காசு வாங்காமல் மாற்றுகிறார்கள். நீங்களும் நன்றி சொல்லிவிட்டு வருகிறீர்கள். ஐந்தே மாதத்தில் மறுபடி அதே. மறுபடி மாற்றுகிறார்கள். மூன்றாம் தடவை போகும்போது வாசல் செக்யூரிட்டி உங்களைப் பார்த்து சல்யூட் அடிக்கிறார்.

இப்போது கோபம் வருகிறது. சரி, எதற்காக? கம்பெனி சொன்ன சொல்லை மீறவில்லையே! பழுதே ஆகாது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பழுதானால் ரிப்பேர் செய்வோம், அல்லது அந்தப் பாகத்தை மாற்றுவோம் என்பதுதான் வாசகம். 2006ல் ஒரு மாருதி கார் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதைத்தான் சொன்னது. வாரண்டி குறையுள்ள பாகத்துக்குத்தான், அதை வைத்து முழுக் காரையே மாற்றச் சொல்ல முடியாது என்று. வண்டியோடு தந்த சின்னப் புத்தகத்தைப் பொறுமையாகப் படித்தால் இன்னும் சில சங்கதிகள் கிடைக்கும். மாற்றிய பாகத்துக்குப் பெரும்பாலும் புது வாரண்டி கிடையாது, பழையதின் மிச்சம்தான். நீங்கள் லீவு போட்டது, ஆட்டோவுக்குக் கொடுத்தது, முகூர்த்தம் முடிந்து பந்திக்குப் போய்ச் சேர்ந்தது எதுவும் கணக்கில் வராது.

ஒவ்வொரு தடவையும் லேட்டாக வந்து, ஒவ்வொரு தடவையும் மனதார மன்னிப்புக் கேட்கும் நண்பரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். மன்னிப்பில் குறையே சொல்ல முடியாது. அடுத்த முறையும் லேட்டாகத்தான் வருவார் என்பது உங்களுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அந்த 'தெரியும்'தான் உறுத்துகிறது. முதல் பழுது தற்செயல். இரண்டாவது, நம் ஜாதகம். மூன்றாவது முறை அதே பாகத்தை அதே இடத்தில் பொருத்துகிறவருக்கு ஏதோ தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் சொல்லாமல் பொருத்துவதற்குப் பெயர் சேவை இல்லை.

ஃபோக்ஸ்வேகன் கதையைப் பாருங்கள். டி.எஸ்.ஜி. கியர்பாக்ஸ் பற்றி சீனாவில் புகார்கள் குவிந்தபோது, 2012ல் வாரண்டியைப் பத்து வருஷமாக நீட்டினார்கள். தாராள மனசு! அடுத்த மார்ச்சில் அரசு டி.வி. நுகர்வோர் தின நிகழ்ச்சியில் போட்டு உடைத்தது. சில நாட்களிலேயே சுமார் 3,84,000 கார்களைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. நீண்ட வாரண்டி நல்லதுதான். ஆனால் சில சமயம், 'இது போகும் என்று எங்களுக்குத் தெரியும்' என்பதைக் கௌரவமாகச் சொல்லும் வழியும் அதுதான்.

(கவுன்டரில் நிற்கும் பையனைத் திட்டாதீர்கள். அவனும் உங்களை மாதிரி எங்கோ இருந்து வரும் பார்ட்டுக்குக் காத்திருப்பவன்தான்.)

கம்பெனியை விடுங்கள். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாவிட்டால் சந்தை என்ன ஆகும் என்று ஜார்ஜ் அகெர்லாஃப் 1970ல் ஒரு கட்டுரை எழுதினார். 2001ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் புதுக் கார் அல்ல, பழைய கார். அதாவது நீங்கள்.

வெறுத்துப்போய், வாரண்டி தீர எட்டு மாதம் இருக்கையில் வண்டியை விற்கிறீர்கள். 'சிங்கிள் ஓனர், கம்பெனி சர்வீஸ்' என்று விளம்பரம். இரண்டும் நிஜம். ஞாயிற்றுக்கிழமை ஒருவர் மனைவி, குழந்தையோடு பார்க்க வருகிறார். முதல் கார் வாங்கப்போகும் சந்தோஷம் முகத்தில் தெரிகிறது. ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு, "வண்டில ஏதாவது பிரச்னை இருக்கா சார்?" என்கிறார். அன்று வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. ஜாப் கார்டுகள் மூன்றும் வீட்டுக்குள் மேஜை டிராயரில். கம்பெனி உங்களிடம் மறைத்தது என்று மூன்று வருஷமாகச் சொல்லி வந்தீர்களே, அதே இடத்தில் இப்போது நீங்கள். 'எல்லாரும் இப்படித்தான் விக்கிறாங்க' என்று மனசு வக்கீல் வைக்கும்.

எடுத்துக் காட்டுங்கள். வாரண்டியில் எட்டு மாதம் பாக்கி இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முப்பதாயிரம் குறைத்துக் கேட்பார். கொஞ்சம் பேசிப் பார்த்தால் இருபதுக்கு ஒத்துக்கொள்வார்.