துபாஷியின் பிழை

ரங்கப்பிள்ளை வீதி வழியாகப் போகும்போதெல்லாம் அந்தப் பழைய மாளிகைக்கு முன்னால் என் நடை கொஞ்சம் தளரும். கவர்னர் டூப்ளேயின் தலைமைத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு அது. துபாஷி என்றால் இரண்டு பாஷை அறிந்தவர். அவன் சொன்னதை இவனுக்கும், இவன் சொன்னதை அவனுக்கும் எடுத்துச் சொல்கிறவர். இதில் என்ன பெரிய தர்ம சங்கடம் இருக்க முடியும் என்றுதான் நான் வெகுகாலம் எண்ணியிருந்தேன். என் தம்பி மகன் ஒரு நாள் மாலை முகம் வாடி வந்து நின்ற பிறகுதான் அந்த எண்ணம் போயிற்று.

அவன் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். கடன் கொடுக்கும் ஒரு நிறுவனத்துக்கு ஏதோ செய்து கொடுத்திருக்கிறான்.

"பெரியப்பா, அங்கே பழைய கணக்கெல்லாம் கோபாலில் இருக்கு" என்று ஆரம்பித்தான்.

"கோபால் யாருடா? நல்ல பையனா?" என்றேன்.

வாடின முகத்திலும் சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு. கோபால் என்பது ஆளல்லவாம். 1959-ல் பிறந்த ஒரு கம்ப்யூட்டர் பாஷையாம். வங்கிக் கணக்கு, வரிக் கணக்கு எல்லாம் ஒரு காலத்தில் அதில்தான் எழுதினார்களாம். கடன்காரர்களுக்குக் கடிதம் அனுப்பும் புதிய புரோகிராமோ பைதான் என்ற இன்னொரு பாஷையில் இருக்கிறது. கிழவரையும் குமரனையும் பேச வைக்க நடுவில் ஒரு பாலம் போட வேண்டும். அதைப் போட்டவன் இவன்.

கோபாலில் ஒரு வழக்கம் உண்டு. 4350 ரூபாய் 00 பைசா என்பதை 435000 என்று புள்ளியில்லாமலே எழுதி வைக்கலாம். கடைசி இரண்டு இலக்கம் பைசா என்ற செய்தி எண்ணில் இராது. வேறோர் இடத்தில் எழுதியிருக்கும். நம் வீட்டில் அம்மா, "மேலே இருக்கிறதை எடு" என்றால் எந்த டப்பா என்று நமக்குத் தெரிகிறதல்லவா? விருந்தாளிக்குத் தெரியுமா? புதிய புரோகிராம் விருந்தாளி. 435000 என்று வந்ததைப் பார்த்து, நிலுவை ரூபாய் 4,35,000 என்று கடிதம் அடித்துவிட்டது.

அந்தக் கடிதங்களில் ஒன்று முத்தியால்பேட்டையில் தனியாக இருக்கும் ஓர் அம்மாளுக்குப் போயிருக்கிறது. ராத்திரி முழுவதும் தூங்காமல், காலையில் இருந்த இரண்டு வளையலையும் கழற்றிக்கொண்டு அடகுக் கடைக்குப் போயிருக்கிறாள். கடைக்காரர் கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, நீங்க வாங்கின கடனே இவ்வளவு இல்லையே?" என்று கேட்டாராம். அத்தனை யந்திரமும் கேட்காத கேள்வியை அவர் கேட்டார்.

"பழைய புரோகிராம் அதன் முறைப்படி சரி. புதுசும் அதன் முறைப்படி சரி. நான் ஒரு எழுத்தைக்கூட மாத்தலே. வந்ததை வந்தபடி கொடுத்தேன். இதில் என் தப்பு என்ன பெரியப்பா?"

சட்டென்று பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

இது முத்தியால்பேட்டையோடு போகிற விஷயமும் அல்ல. செவ்வாய் கிரகத்தைச் சுற்றிவர அமெரிக்கர்கள் அனுப்பிய ஒரு விண்கலம், 1999 செப்டம்பர் 23-ந் தேதி போய்ச் சேருகிற சமயத்தில் தொலைந்தே போயிற்று. ஒரு புரோகிராம் விசைக் கணக்கைப் பவுண்டில் எழுதிக் கொடுத்தது. வாங்கிக்கொண்டது நியூட்டன் என்று நினைத்துக்கொண்டது. ஒரு பவுண்டு விசை சுமார் நாலரை நியூட்டன். கூட்டல் கழித்தலில் பிழையே கிடையாது. எண் சரியாகப் போய்ச் சேர்ந்தது. அர்த்தம் வழியில் விழுந்துவிட்டது.

இந்தப் பாஷைகள் எப்படித்தான் ஒன்றோடொன்று பேசுகின்றன என்று கேட்டேன். அவன் சொன்ன பதில் என்னை நேரே பழைய புதுச்சேரிக்குக் கொண்டு போயிற்று. பெரும்பாலும் அவை நேருக்கு நேர் பேசுவதில்லையாம். 1970-களின் தொடக்கத்தில் பிறந்த சி என்ற பாஷையின் நடைமுறையை நடுவில் வைத்துக்கொள்கின்றனவாம். பைதானும் ரஸ்டும் சந்திக்க வேண்டுமென்றால் இரண்டும் சி-யின் வழக்கப்படி கைகுலுக்கும். இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத மூன்றாவது பாஷை! பிரெஞ்சுக் கம்பெனி நாளில் இந்தக் கடற்கரையில் நடந்ததும் இதுவேதான். வெள்ளைக்காரருக்கும் நம்மவருக்கும் நடுவே புழங்கியது கொச்சைப் போர்த்துகேயம். மிளகும் துணியும் விலை பேச அது போதும். மான அவமானம் பேசப் போதுமா? சி-யின் வாசலிலும் எண்ணும் எழுத்தும் முகவரியும் எளிதாக நுழைந்துவிடும். கடனாக வாங்கிய இடத்தை வேலை முடிந்ததும் யார் திருப்பி ஒப்படைப்பது என்பது போன்ற நுட்பங்கள் வெளியே நின்றுவிடும். நீ கொடுப்பாய் என்று நானும், நான் கொடுப்பேன் என்று நீயும் இருந்தால் இடம் வீணாகும். இருவருமே கொடுத்தால் புரோகிராம் கவிழ்ந்து விழும்.

ஆனந்தரங்கருக்கு முந்திய தலைமுறையில் நயினியப்பப் பிள்ளை என்று ஒரு தலைமைத் துபாஷி இருந்தார். 1716-ல் அவர்மேல் ராஜத்துரோகக் குற்றம் சாட்டி, கசையடியும் சிறையும் விதித்தார்கள். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது. விசாரணையோ பிரெஞ்சில் எழுதப்பட்டது. இருபுறமும் பேசிப் பிழைத்த மனிதர், தம் உயிருக்கு வழக்காடும்போது இன்னொருவர் வாயை நம்பி நிற்க வேண்டியதாயிற்று. 1717-ல் சிறையிலேயே இறந்தார். பிற்பாடு பிரான்சு வரை முறையீடு போய், தீர்ப்பு ரத்தாயிற்று. செத்தவர் குற்றமற்றவர் ஆனார். அந்தக் காகிதங்களில் ஒவ்வொருவரும் தத்தம் வேலையைச் சரியாகச் செய்ததாகத்தான் எண்ணியிருப்பார்கள்.

"வந்ததை வந்தபடி கொடுத்தேன்" என்பது தபால்காரர் சொல்லலாம். உறை பிரிக்காதவர் அவர். இரண்டு பாஷையும் தெரிந்து நடுவில் நிற்கிறவன் அப்படிச் சொல்ல முடியாது. கேட்டவன் என்ன புரிந்துகொண்டான் என்பதற்கும் அவனே ஜவாப்தாரி. இரு பக்கத்துக்காரர்களுக்கும் மறுபக்கம் தெரியாது என்பதால்தானே அவனை வைத்திருக்கிறார்கள்?

"அப்படியானால் நூறால் வகுத்துக் கொடுத்திருக்க வேண்டும், அவ்வளவுதானே?" என்றான்.

அதுவும் போதாது என்று எனக்குப் பட்டது. யாருக்கும் தெரியாமல் வகுத்து வைத்தால், நாளைக்குப் பழைய கணக்கையே யாராவது ரூபாயாக மாற்றி எழுதுவார்கள். இவன் பாலம் மறுபடியும் வகுக்கும். மௌனமாகத் திருத்துகிற துபாஷி, கொஞ்ச நாளில் எஜமானனாகி விடுகிறான். எது மூலம், எது இவன் கைவேலை என்று ஒருவருக்கும் தெரியாமல் போய்விடுகிறது. ஆகவே பொருளைக் கொண்டு சேர்க்கவும் வேண்டும், தான் மாற்றியது இன்னது என்று எழுதி வைக்கவும் வேண்டும். ஆனந்தரங்கர் 1736 முதல் 1761 வரை தினசரி எழுதினார். யார் வந்தார், என்ன கேட்டார், துரைக்குத் தாம் என்ன சொன்னார் என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. தம் பெருமையையும் அதில் நிறைய எழுதிக்கொண்டார் என்பது வாஸ்தவம். ஆனாலும் எழுதினார். நடுவில் நிற்பவனுக்கு அந்த ஏடுதான் சாட்சி.

பத்து நாள் கழித்து மறுபடி வந்தான். இனி ஓர் எண் வந்தால், அது ரூபாயா பைசாவா என்று கூடவே சொல்லாவிட்டால் பாலம் உள்ளே விடாதாம். வாங்கிய கடனைவிட நிலுவை மிஞ்சினால் கடிதம் போகாமல் நின்று ஒரு மனிதரைக் கேட்குமாம். மாற்றுவதையெல்லாம் தேதி போட்டு எழுதியும் வைக்கிறதாம்.

"அடகுக் கடைக்காரரை உள்ளே உட்கார வைத்துவிட்டாய்" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. முத்தியால்பேட்டைக்குப் போய் வந்தானாம். அந்த அம்மாள் காபி கொடுத்துவிட்டு, "அந்தக் கணக்கை எழுதினது யாருப்பா?" என்று கேட்டாளாம். கோபாலைச் சொல்லலாம், பைதானைச் சொல்லலாம். இரண்டும் அங்கே வந்து மறுக்கப் போவதில்லை.

"நான்தாம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன் பெரியப்பா என்றான்.