பழகிப்போன வாசம்

“மாமா, வண்டில பெட்ரோல் நாத்தம் அடிக்குது.”

பின் இருக்கையிலிருந்து அக்கா மகள் சொன்னாள். டியூஷன் முடிந்து அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். “பழைய வண்டிம்மா, அப்படித்தான் இருக்கும்” என்றேன். சொல்லும்போதே அது உண்மையில்லை என்று எனக்குத் தெரியும். மூன்று வாரத்துக்கு முன்பே அந்த வாசத்தை நான் கவனித்திருந்தேன். சில நாளில் அது எனக்குத் தெரியாமல் போனது. கசிவு நின்றுவிடவில்லை, என் மூக்குத்தான் பழகிவிட்டது.

அது அப்பாவின் வண்டி. 1991ஆம் ஆண்டு புரோட்டோன் சாகா, கார்புரேட்டர் எஞ்சின். அப்பா இறந்து நான்கு வருடமாகிறது. நான் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்தவன், கூலிமில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அங்கே ஏதாவது ஒரு குழாயில் கசிவு என்று யாராவது சந்தேகப்பட்டாலே போதும், முதலில் எந்திரத்தை நிறுத்துவோம், பிறகுதான் பேச்சு. அப்படிப்பட்டவன் சொந்த வண்டியின் பானட்டை மூன்று வாரமாகத் திறக்கவில்லை. ஏன்?

சோம்பல் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் உண்மையான காரணம் பயம். திறந்து பார்த்தால், போமேனிடம் காட்டினால், “தம்பி, இதுக்கு மேல இத வச்சிக்கிட்டு என்ன பண்ணப் போற?” என்று கேட்டுவிடுவாரோ என்ற பயம். நோய் இருக்கிறதென்று சொல்லிவிடுவார்களோ என்று டாக்டரிடம் போகாமல் இருப்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அதே புத்திதான் இதுவும். பார்க்காத வரைக்கும் வண்டி நல்லாத்தான் இருக்கிறது, அப்பாவும் கொஞ்சம் மிச்சமிருக்கிறார்.

1877இல் வில்லியம் கிளிஃபர்ட் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் நம்பிக்கையின் அறத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். புலம்பெயரும் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு அவருடைய பழைய கப்பல் கிளம்ப இருக்கிறது. அது கடலுக்குத் தாங்குமா என்று அவருக்குச் சந்தேகம். சோதித்துப் பழுது பார்த்தால் செலவாகும். எத்தனை பயணம் போய்த் திரும்பி வந்த கப்பல், இந்த முறையும் வந்துவிடும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொள்கிறார். கடைசியில் அதை மனசார நம்பவும் செய்கிறார். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. அவர் மனசார நம்பியது அவரைக் காப்பாற்றாது, அப்படி நம்ப அவருக்கு உரிமையே இல்லை என்கிறார் கிளிஃபர்ட். அதைவிட முக்கியமாக இன்னொன்றும் சொல்கிறார்: கப்பல் பத்திரமாகத் திரும்பி வந்திருந்தாலும் முதலாளியின் குற்றம் கொஞ்சமும் குறையாது.

படிக்கும் காலத்தில் இதைப் பணத்தாசையைப் பற்றிய கதை என்று நினைத்தேன். எனக்கும் அந்த ஆளுக்கும் என்ன சம்பந்தம்? நான் காசை மிச்சம் பிடிக்கவில்லை, அப்பாவின் நினைவைத்தானே காப்பாற்றினேன். ஆனால் பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தவளுக்கு அந்த வித்தியாசத்தால் என்ன பயன்? பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, பள்ளமான இடத்தில் தங்கும். பூஜ்ஜியத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரிலும் தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகும். நம் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். என் பாசம் எவ்வளவு உண்மையானது என்று தீப்பொறி விசாரிக்காது.

அடுத்த நாள் காலை, எஞ்சின் ஆறியிருந்தபோது, வண்டியை வெட்டவெளியில் நிறுத்திப் பானட்டைத் திறந்தேன். பம்ப்பையும் ஹோஸ்களையும் துணியால் துடைத்துக் காய விட்டேன். கீழே பழைய நாளிதழை விரித்து எஞ்சினை ஓடவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தேன். ஹோஸ் இணைப்புகள் காய்ந்தே இருந்தன. பம்ப்பின் அடியில் உள்ள சிறு துளையிலிருந்து மட்டும் ஒரு சொட்டு திரண்டு விழுந்தது. உடனே எஞ்சினை நிறுத்தினேன். எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

இந்த வகைப் பம்ப்புக்கு மின்சாரம் தேவையில்லை. கேம்ஷாஃப்ட் சுழலும்போது ஒரு நெம்புகோலைத் தள்ளும், அது உள்ளே இருக்கும் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வை இழுக்கும், ஸ்பிரிங் அதைத் திருப்பித் தள்ளும். அழுத்தம் கார் டயரில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குதான் வரும். வருடக் கணக்கில் அசைந்து அசைந்து சவ்வு ஒருநாள் கிழியும். எந்த வண்டியிலும் அது நடப்பதுதான். கிழிந்தால் பெட்ரோல் வெளியே வந்து கண்ணில் படட்டும் என்றுதான் அந்தத் துளை. துளை இல்லாவிட்டால் பெட்ரோல் சத்தமில்லாமல் எஞ்சின் எண்ணெயில் கலந்துகொண்டே இருக்கும். இதை வடிவமைத்தவர் தன் பம்ப் ஒருநாள் கெட்டுப்போகும் என்பதை ஒப்புக்கொண்டு, அதைச் சொல்ல ஒரு வழியும் விட்டுவைத்திருக்கிறார். அந்த நேர்மை எனக்கு மூன்று வாரமாக இல்லை.

போமேன் அண்ணன் எங்கள் வீட்டுக்கே வந்தார். பேட்டரி ஒயரைக் கழற்றினார், டேங்க்கிலிருந்து வரும் ஹோஸை அடைத்தார், பம்ப்பைக் கழற்றினார். பழைய கேஸ்கெட் ஒட்டியிருந்த இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, புதுக் கேஸ்கெட்டோடு புதுப் பம்ப்பை மாட்டினார். ஹோஸ் கிளிப்புகளையும் மாற்றினார். எண்ணெய்க் குச்சியை முகர்ந்து பார்த்துவிட்டு, “லேசா கலந்திருக்கு தம்பி, எண்ணெயும் மாத்திரலாம்” என்றார். பம்ப் எண்பது ரிங்கிட். வண்டியை என்ன செய்யப்போகிறாய் என்று அவர் கேட்கவே இல்லை.

அப்படியென்றால் எல்லோரும் எல்லாவற்றையும் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டுமா? அது முடியாத காரியம். எண்பது ரிங்கிட் இல்லாமல், கசியும் மோட்டார் சைக்கிளில் தினமும் வேலைக்குப் போகிறவர்கள் நம் மத்தியில் இருக்கிறார்கள். அவர்களைக் கப்பல் முதலாளியோடு சேர்த்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. பழுது பார்க்க முடியாதது வேறு, பார்க்கவே மறுப்பது வேறு. பழுது பார்க்கக் காசு வேண்டும். பார்ப்பதற்கு ஒரு துணியும் பழைய நாளிதழும் போதும். அதைக்கூடச் செய்யாதவன் “எனக்குத் தெரியாது” என்று சொன்னால், தெரியாமல் இருக்க அவனே ஏற்பாடு செய்துகொண்டான் என்றுதான் அர்த்தம்.

இன்னொன்றும் தோன்றுகிறது. பழகிப்போன மூக்கை நம்ப முடியாது. ஒரு வீட்டின் வாசம் அந்த வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாது, வெளியிலிருந்து வருகிறவர்தான் சொல்ல வேண்டும். அவள் சொன்னாள். சின்னப் பிள்ளை என்பதால் அவள் வாயை அடைப்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

அன்று சாயங்காலம் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கப்பல் கரைக்கு வந்துவிட்டதால் சொல்லாமலே விட்டிருக்கலாம். அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “மூணு வாரமா தெரியுமாடா?” என்றாள். தெரியும் என்றேன்.

அடுத்த வாரம் டியூஷனுக்கு அவளே மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். அதற்கடுத்த வாரமும்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை.