வாயில்லாப் பிராணியின் வழக்கு

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் கப்பல் வேலையில் இருக்கிறார். ஸ்பெயின் நாட்டுக் கார்த்தஹேனாத் துறைமுகத்தில் அவருடைய கப்பல் சில நாள் நின்றபோது, உள்நாட்டிலுள்ள கரவாக்கா என்னும் ஊருக்குப் போய் வந்திருக்கிறார். விடுமுறையில் ஓட்டப்பிடாரம் வந்தவர், மஃரிபுக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் நம் அருகே அமர்ந்து, அங்கு எடுத்த படங்களைக் கைப்பேசியில் காட்டினார். ஒரு குதிரைத் திருவிழாவுக்கென்றே அவ்வூரில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. பட்டிலும் பொன்னிழையிலும் பூவேலை செய்த குதிரைப் போர்வைகள் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. ஊரார் மாதக்கணக்கில் தைத்த இப்போர்வைகளை ஆண்டுதோறும் மே 2-ஆம் நாள் குதிரைகளுக்கு அணிவித்து, கோட்டைக்கு ஏறும் சரிவிலே ஓட விடுவார்களாம். 2020-இல் யுனெஸ்கோ நிறுவனம் இவ்விழாவை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

விழாவுக்குரிய கதை 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கோட்டையை முஸ்லிம்கள் முற்றுகையிட்டிருந்தனர். உள்ளே குடிக்க நீரில்லை. வீரர் சிலர் வெளியேறி நீர் தேடி, கிடைக்காமல், மது நிறைந்த தோற்பைகளைக் குதிரைமேல் ஏற்றி, முற்றுகையைப் பிளந்து கோட்டைக்குத் திரும்பினர் என்பது அக்கதை. முற்றுகையிட்டோர் நம்மவர், குதிரை சுமந்ததோ மது. இதைக் கேட்டு நாம் மகிழ்ந்தோம் என்று எழுதினால் வாசகர்கள் நம்பமாட்டார்கள். எனினும் ஒன்று நம் நெஞ்சில் தைத்தது. சுமை சுமந்த பிராணிக்கு ஓர் ஊர் இத்தனை நூற்றாண்டாகக் கடன் செலுத்துகிறது. அன்றியும், அவ்வோட்டத்தில் குதிரைமேல் எவரும் ஏறுவதில்லை. நால்வர் அதைப் பற்றிக்கொண்டு கூடவே ஓடுகின்றனர். ஒருவருடைய பிடி நழுவினாலும் அவ்வோட்டம் செல்லாது.

“நம்ம ஊர் வண்டிப் பந்தயத்திலும் துணைச்சாரதி மாட்டோடு ஓடுகிறாரே, ஹஜரத்!” என்றார் மாணவர். உண்மைதான். அந்த மே மாதத்திலேயே பாஞ்சாலங்குறிச்சித் திருவிழாவை ஒட்டி வண்டிப் பந்தயம் நடந்தது. இளமைக்குப் பின் நாம் அப்பக்கம் போனதில்லை; அவர் அழைக்கவே போனோம். கட்டபொம்மனின் கோட்டையை வெள்ளையர் இடித்துத் தரைமட்டமாக்கிய மண்ணில், 1974-இல் அரசு எழுப்பிய நினைவுக் கோட்டை நிற்கிறது. அதன் சுவர்ச் சித்திரங்களில் போர் இருக்கிறது, வீரர் இருக்கின்றனர். இக்கரிசலை உழுது அவர்களுக்குச் சோறிட்ட மாட்டுக்கு எங்கும் ஒரு கூடம் இல்லை.

பெரிய மாட்டுக்கு இத்தனை மைல், சிறிய மாட்டுக்கு அதனினும் குறைவு, பூஞ்சிட்டுக்கு இன்னும் குறைவு என்று வகுத்திருந்தார்கள். கிலோமீட்டர் வந்து எத்தனையோ காலமாகியும் பந்தயக்காரர் நாவில் மைல்தான் நிற்கிறது. இவ்வகுப்பு நமக்கு மதீனாவை நினைவூட்டியது. நபிபெருமானார் (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தியபோது, பயிற்றி உடல் இறுக்கப்பட்ட குதிரைகளுக்கு 5 அல்லது 6 மைல் தொலைவும், பயிற்சி பெறாதவற்றுக்கு 1 மைல் அளவும் வைத்ததாகப் புகாரியில் காண்கிறோம். பிராணியின் ஆற்றலே அங்கு அளவுகோல். ஆதலின் பந்தயம் என்றதும் முகம் சுளிப்பவர்களோடு நாம் சேரமாட்டோம். பணம் கட்டிச் சூதாடுவது விலக்கப்பட்டது என்பதை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவர். அதை இங்கு விரிக்கவில்லை.

ஆனால் வண்டிகள் திரும்பி வருகையில் வாயில் நுரை தள்ள ஓடிவந்த ஒரு மாட்டின் பின்தொடையில் தார்க்குச்சி பட்ட இடம் சிவந்திருந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. நாம் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். அவ்வேளை நினைவுக்கு வந்தது வேறொரு ஹதீஸ். முற்காலத்தில் ஒருவன் ஒரு மாட்டின்மேல் ஏறி அதை அடித்தான். அது அவனை நோக்கி, தன் இனம் இதற்காகப் படைக்கப்படவில்லை என்றும், உழவுக்கே படைக்கப்பட்டது என்றும் பேசிற்று. மாடு பேசுமா என்று மக்கள் வியந்தபோது, தாமும் அபூபக்ர், உமர் (ரலி) ஆகியோரும் அதை நம்புவதாகப் பெருமானார் மொழிந்தார்கள். பசியாலும் வேலைச் சுமையாலும் வாடிய ஓர் ஒட்டகம் கண்ணீர் விட்டதைக் கண்டு, அதன் உடையவரை அவர்கள் கண்டித்ததும் அறிந்ததே. வாயில்லாப் பிராணி என்கிறோம். அதன் வழக்கு அந்தச் சபையில் கேட்கப்பட்டிருக்கிறது.

பந்தயம் முடிந்தபின் அம்மாட்டின் உடையவரிடம் போனோம். நம் ஊர்க்காரர்தாம், பருத்திக்கொட்டையும் பேரீச்சம்பழமும் முட்டையும் கொடுத்து வளர்ப்பவர். தார்க்குச்சியைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டோம். அவர் மாட்டின் காயத்தில் மஞ்சள் பூசியபடியே சொன்னார்: “குத்துனது தப்புத்தான், பாய். ஆனா ஒண்ணு சொல்லுங்க. உழவு பூராவும் டிராக்டர் ஆயிப் போச்சு. உழவு மாடெல்லாம் எங்க போச்சு? இது ஓடுறதாலதான் என் தொழுவுல நிக்குது.”

நம்மிடம் விடை இல்லை. எங்கே போயின என்பதை அறியாதவரா நாம்? போன இடத்தில் நாமும் உண்டோமே! உண்பது ஆகுமானது, அதில் ஐயமில்லை. ஆனால் உழவுக்கெனப் படைக்கப்பட்டதாக மொழிந்த பிராணியிடமிருந்து உழவையே எடுத்துவிட்ட மனிதன், அதற்கு ஈடாக என்ன வைத்திருக்கிறான்? 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டையும் வண்டிப் பந்தயத்தையும் தடுத்தது. 2017-இல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தி ஜல்லிக்கட்டை மீட்டது. 2023 மே 18-இல் அதே நீதிமன்றம் அத்திருத்தத்தை ஏற்றது. மாட்டை ஓட விடலாமா என்று இத்தனை ஆண்டு வழக்காடினோம். ஓடி ஓய்ந்த மாட்டுக்கு உடையவன் பட்ட கடன் என்ன என்பதை யார் கேட்டார்கள்?

இது புதிய குற்றமுமன்று. நம் மாவட்டத்துப் பழைய காயல் துறையில், 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில், பாண்டியருக்காக அரபு, பாரசீகக் குதிரைகள் இறங்கின. அவ்வாணிகத்தைப் பெருமையோடு எழுதுவது நம்மவர் வழக்கம், நாமும் எழுதியிருக்கிறோம். அக்காலத்தில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ எழுதி வைத்ததோ வேறு. பராமரிப்பு அறியாமையால் ஆண்டுதோறும் குதிரைகள் மிகுதியாக இறந்தன. குதிரை மருத்துவம் அறிந்தோர் இங்கு வந்துவிடாதபடி வணிகரே பார்த்துக்கொண்டனர். குதிரை இறந்தால்தானே அடுத்த கப்பலுக்கு விலை! இதில் மிகை இருக்கலாம். ஆயினும் கரவாக்காவின் கதையில் நம்மைப் பகைவராகக் கண்டபோது உறுத்தியதைவிட, இது கூடுதலாகவே உறுத்துகிறது. திருமறையின் ஓர் அத்தியாயம், மூச்சிரைக்க ஓடும் குதிரைகள்மீது ஆணையிட்டுத் தொடங்குகிறது. அதைத் தினமும் ஓதியவர்களும் அக்கப்பல்களில் இருந்திருப்பார்கள்.

திரும்பும் வழியில் மாணவர் தம் புதிய வீட்டுக்கு அழைத்துச் சென்றார். முன்கூடத்துச் சுவரில் ஒரு நுகத்தடி, வார்னிஷ் பூசிப் பளபளவென்று மாட்டியிருந்தது. அவருடைய வாப்பா உழுத காலத்தது. பரணில் கிடந்ததை எடுத்து அழகுக்கு வைத்ததாகச் சொன்னார். நாம் அதைத் தடவிப் பார்த்தோம். கழுத்துப் படும் இரு இடங்களும் தேய்ந்து குழிந்திருந்தன.

“அந்த மாடுகள் என்ன ஆயின?” என்று கேட்டோம்.

“டிராக்டர் வந்த வருஷம் வாப்பா வித்துட்டாங்க, ஹஜரத். அன்னைக்கு ராத்திரி அவங்க சாப்பிடலை,” என்றார்.