அச்சம் நியாயமாகுமா?

பஞ்சசீலத்தில் முதலாவது, உயிர்க்கொலை தவிர்த்தல். நம் விகாரைகளில் சிறு குழந்தைகளும் அதனைச் சொல்லுகின்றனர். சொல்லுவது எளிது. ஆனால் அச்சீலத்தை மெய்யாகவே கைக்கொண்டவன் ஒரு நாள் கடினமான வினா ஒன்றைச் சந்தித்தே தீரவேண்டும். ஊரைக் காப்பதற்காக அரசு ஒரு காவலனை நியமித்து, அவன் கையில் துப்பாக்கியைக் கொடுக்கிறது. அவன் ஒருவனைச் சுட்டுக் கொல்லுகிறான். ஏன் சுட்டாய் என்று கேட்டால், "என் உயிருக்கு ஆபத்து என்று அஞ்சினேன், ஆகவே சுட்டேன்" என்கிறான். அந்த அச்சம் அவன் செயலுக்கு நியாயமாகுமா?

அமெரிக்க ஐக்கிய நாட்டில் போலீசாரையும் கறுப்பின மக்களையும் பற்றிப் பல்லாண்டுகளாக நடந்துவரும் பெரும் விவாதத்தின் உட்கரு இவ்வினாவே என்பது நம் கருத்து. கடல் கடந்த நாட்டு வழக்கு நமக்கு எதற்கு என்று கேட்பாரும் உளர். அண்ணல் அம்பேத்கர் அந்நாட்டுக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1913 முதல் 1916 வரை பயின்றவர். 1946ஆம் ஆண்டில் அவர் கறுப்பின அறிஞர் டூ பாய்ஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் சபைக்குச் சமர்ப்பித்த விண்ணப்பத்தின் படியைக் கேட்டார். அவர்கள் நிலையும் தம் மக்களின் நிலையும் ஒத்திருப்பதை அவர் கண்டிருந்தார். அவர் வழியே தர்மத்துக்கு வந்த நாம் அம்மக்களின் துயரை அயலார் கதையாகக் கேட்டுவிட்டுப் போக இயலாது.

முதலில் அந்நாட்டுச் சட்டம் கூறுவதைக் காண்போம். 1974ஆம் ஆண்டில் மெம்பிசு நகரில் ஒரு வீட்டில் திருட்டு நடப்பதாகத் தகவல் கிடைத்துப் போலீசார் சென்றனர். பதினைந்து வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவன் தப்பியோடி வேலியில் ஏறினான். கைவிளக்கின் ஒளியில் அவனைக் கண்ட காவலர், அவனிடம் ஆயுதம் இல்லை என்றே பெரும்பாலும் நம்பினார். ஆயினும் தப்பிவிடுவானே என்று சுட்டார், சிறுவன் இறந்தான். அவன் எடுத்து வந்தது ஒரு கைப்பையும் பத்து டாலரும். ஓடுகிறவனைச் சுட அம்மாநிலச் சட்டம் இடங்கொடுத்திருந்தது. 1985இல் உச்ச நீதிமன்றம் அதனைத் திருத்தியது. ஓடுகிறான் என்பது மட்டும் சுடுவதற்குப் போதாது. அவனால் பிறர் உயிருக்கோ உடலுக்கோ பேராபத்து உண்டென்று நம்பத் தக்க காரணம் வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. இஃது அறத்தின்பால் வைத்த ஓர் அடி என்பதில் ஐயமில்லை.

நான்காண்டுகள் கழித்து, 1989இல், மற்றொரு தீர்ப்பு வந்தது. சார்லட் நகரில் நீரிழிவு நோயுடைய கறுப்பினத்தவர் ஒருவர், மயக்கம் வருமுன் ஆரஞ்சுச் சாறு வாங்கக் கடைக்குள் புகுந்தார். அங்கே நீண்ட வரிசையைக் கண்டு விரைந்து வெளியே வந்தார். அவ்விரைவைக் கண்ட காவலர் ஒருவர் ஐயுற்றுத் தொடர்ந்தார். முடிவில் நோயாளிக்குக் கைவிலங்கும் முறிந்த காலுமே மிஞ்சின. இவ்வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதி யாதெனில், காவலனின் உள்ளத்தில் தீய எண்ணம் இருந்ததா நல்லெண்ணம் இருந்ததா என்று பார்க்க வேண்டுவதில்லை. அவனிடத்தில் நின்ற நியாயமான ஒரு காவலன் அவ்வாறு செய்திருப்பானா என்பதையே பார்க்க வேண்டும் என்பதாம். பின்னாளில் அமர்ந்து ஆராய்வோரின் கண்கொண்டு நோக்கலாகாது என்றும் அது கூறிற்று.

இவ்விதிக்கும் காரணம் உண்டு. கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவு செய்ய வேண்டிய நிலை காவலனுக்கு நேர்கிறது. அந்நாட்டிலோ துப்பாக்கி குடிமக்கள் பலர் வீட்டிலும் இருக்கிறது. ஆனால் "நியாயமான காவலன்" என்னும் அந்த மனிதன் யார்? அவன் எவ்வூரில் வளர்ந்தவன்? எவரைக் கண்டு அஞ்சுமாறு பழக்கப்பட்டவன்? சட்டம் இதனைக் கேட்பதில்லை, தர்மம் கேட்கிறது.

விவாதம் செய்வோர் இரு சாராரும் கணக்குகளை முன்வைக்கின்றனர். வாசிங்டன் போஸ்ட் பத்திரிகை 2015 முதல் 2024 வரை போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டவர்களை எண்ணி வந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் பேர். எண்ணிக்கையில் வெள்ளையர் மிகுதி. ஆனால் மக்கள்தொகையோடு ஒப்பிட்டால், கறுப்பினத்தார் வெள்ளையரைக் காட்டிலும் இரு மடங்குக்கு மேற்பட்ட விகிதத்தில் கொல்லப்படுகின்றனர். இதற்கு எதிர்வாதமும் உண்டு. மக்கள்தொகையைக் கொண்டு அளக்கலாகாது. போலீசார் எத்தனை பேரை எதிர்கொண்டனர் என்பதைக் கொண்டே அளக்க வேண்டும் என்பர். ரோலண்ட் ஃபிரையர் என்னும் கறுப்பினப் பொருளாதார அறிஞர் 2016இல் வெளியிட்ட ஆராய்ச்சி, பிடித்துத் தள்ளுதல், விலங்கிடுதல் போன்றவற்றில் கறுப்பினத்தார்மீது மிகுதியான பலாத்காரம் நடப்பதைக் கண்டது. துப்பாக்கிச் சூட்டில் மட்டும் தம் தரவுகளில் அவ்வேற்றுமையைக் காணவில்லை என்றது. அதற்கு மறுப்பும் எழுந்தது. யாரை வழிமறிப்பது என்பதிலேயே ஓரவஞ்சனை இருக்குமாயின், வழிமறித்த பின்னர் தொடங்கும் கணக்கு அதனை மறைத்துவிடாதா என்று பிற அறிஞர்கள் கேட்டனர். இம்மறுப்பு வலிமையுடையதென்றே நமக்குத் தோன்றுகிறது. ஆயினும் கணக்கு எவ்வாறு முடிந்தாலும் நாம் எடுத்துக்கொண்ட வினா தீராது. ஒரே ஒருவன் கொல்லப்பட்டாலும், அச்சம் அக்கொலைக்கு நியாயமாகுமா என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

பகவான் புத்தர் சிகாலன் என்னும் இளைஞனுக்கு உபதேசித்தபோது, மனிதர் தீவினை செய்யத் தவறிச் செல்லும் வழிகள் நான்கு என்றார். அவை விருப்பு, வெறுப்பு, மயக்கம், அச்சம். நண்பர்களே, நான்காவதைக் கவனியுங்கள். அமெரிக்க நீதிமன்றங்களில் குற்றத்திலிருந்து விடுவிக்கும் காரணமாக எது பேசப்படுகிறதோ, அதனையே ததாகதர் தவறான வழி என்று எண்ணிச் சொன்னார். அஞ்சுவதே பாபம் என்று அவர் கூறவில்லை. அச்சத்தின் கையில் தீர்ப்பை ஒப்படைப்பதையே விலக்கினார்.

அண்ணல் அம்பேத்கர் தம் 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலில், கொல்ல வேண்டிய தேவை வேறு, கொல்லும் விருப்பம் வேறு என்று பிரித்துக் காட்டி, பகவான் தடுத்தது விருப்பத்தையே என்று விளக்கினார். இத்தெளிவினால்தான் காவலும் தண்டனையும் கூடவே கூடாது என்று பௌத்தர் பேசுவதில்லை. பள்ளிக்கூடத்துள் துப்பாக்கியோடு நுழைந்து குழந்தைகளைச் சுடுகிறவனைக் காவலன் தடுத்தே ஆகவேண்டும். வேறு வழியில்லையேல் கொன்றும் தடுக்க வேண்டும். அது தேவை. ஆனால் தேவைக்கும் விருப்பத்துக்கும் நடுவில் மூன்றாவது ஒன்று இருக்கிறது. அது தேவையின் உடையை அணிந்து வரும் அச்சம். கொல்லும் விருப்பம் அவனிடம் இல்லை. கொல்ல வேண்டிய தேவையும் வெளியில் இல்லை. தேவை இருப்பதாக அவன் கண் அவனுக்குச் சொல்லுகிறது. அக்கண்ணை நம்பிக் கை எழுகிறது.

அங்குலிமாலன் கதையை நாம் அனைவரும் அறிவோம். அதில் ஓரிடத்தை மீண்டும் எண்ணிப் பார்ப்போம். பசேனதி மன்னன் அக்கொலைகாரனைப் பிடிக்க ஐந்நூறு குதிரைவீரரோடு புறப்பட்டான். வழியில் பகவானைக் கண்டான். தலை மழித்துச் சீவர ஆடையோடு அருகே அமர்ந்திருந்த துறவியைச் சுட்டி, "இவரே அங்குலிமாலர்" என்றார் பகவான். மன்னனுக்கு மயிர் கூச்செறிந்தது, உடல் நடுங்கியது. ஐந்நூறு வீரருக்குத் தலைவன், ஆயுதமற்று அமர்ந்திருந்த ஒருவரைக் கண்டு நடுங்கினான்! ஆபத்து முன்பே நீங்கிவிட்டது; அச்சம் நீங்கவில்லை. அவன் அஞ்சியது எதிரே இருந்த மனிதரை அன்று. அம்மனிதர்மீது ஒட்டியிருந்த பெயரை. பகவான் அவ்விடத்தில் செய்த முதற்காரியம், மன்னனின் அச்சத்தைத் தணித்ததே. அங்குலிமாலருக்காவது செய்த கொலைகளால் அப்பெயர் வந்தது. கறுப்பினச் சிறுவனுக்கோ அவன் ஒன்றும் செய்யாதிருக்கையிலேயே தோல் அப்பெயரைத் தந்துவிடுகிறது.

2014ஆம் ஆண்டு நவம்பரில் கிளீவ்லாந்து நகரப் பூங்கா ஒன்றில் பன்னிரண்டு வயதுக் கறுப்பினச் சிறுவன் விளையாட்டுத் துப்பாக்கியை வைத்துக்கொண்டிருந்தான். அதனைக் கண்டு தொலைபேசியில் தகவல் கொடுத்தவர், அது பொய்த் துப்பாக்கியாக இருக்கக்கூடும் என்றும், அவன் சிறுவனாக இருக்கலாம் என்றும் சொன்னார். அச்சொற்கள் சென்ற காவலர்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை. வண்டி வந்து நின்ற இரண்டு விநாடிக்குள் சிறுவன் சுடப்பட்டான், மறுநாள் இறந்தான். காவலர்மீது குற்றவழக்குத் தொடரப்படவில்லை. அவர் அஞ்சியது மெய்யாகவே இருக்கலாம். ஆனால் பகவான் உணர்த்திய காரணகாரியத் தொடர்பை அறிந்தோர் இரண்டு விநாடியோடு விசாரணையை நிறுத்துவதில்லை. சொல்லப்படாத செய்தி ஒரு காரணம். அருகிலே கொண்டுபோய் நிறுத்திய வண்டி ஒரு காரணம். கறுப்பினச் சிறுவனைச் சிறுவனாகக் காணாத கண் ஒரு காரணம். அக்கண்ணுக்குப் பின்னே, 1865 வரை நீடித்த அடிமைமுறையும், தப்பியோடும் அடிமைகளைப் பிடிக்க அமைந்த காவற்படைகளும், பின்னர் நூறாண்டு நிலைத்த இனப்பிரிவினைச் சட்டங்களும் காரணங்களாய் நிற்கின்றன.

ஆலையில் உழைத்தோருக்கு இது புதிதன்று. பல்சக்கரத்தில் ஒருவன் விரல் போனால், தொழிலாளி கவனமாக இருந்தானா என்பதே முதற் கேள்வியாக இருந்தது. சக்கரத்துக்கு மூடி இருந்ததா, இரவு ஷிப்டில் ஆளைக் குறைத்தவர் யார், ஓட்டத்தைக் கூட்டியவர் யார் என்ற கேள்விகளை எழுப்பச் சங்கம் வேண்டியிருந்தது. அதற்காகத் தொழிலாளிக்குக் கவனமே வேண்டாம் என்று எவரும் கூறவில்லை. கையும் பொறுப்பு, சக்கரத்தை மூடாது விட்டவரும் பொறுப்பு.

வெள்ளைக் காவலரின் வெறுப்பே இதற்கெல்லாம் முழுக் காரணம் என்று சொல்லுவோரும் சிறிது நின்று சிந்திக்க வேண்டும். மெம்பிசில் 1974இல் சுட்ட காவலர் கறுப்பினத்தவரே. அதே நகரில் 2023 சனவரியில் கறுப்பின இளைஞர் ஒருவரைச் சாகும்படி அடித்த ஐந்து காவலரும் கறுப்பினத்தவரே. கண்ணைப் பழக்குவது பிறப்பு அன்று, அமைப்பும் பழக்கமுமே. ஆகவே பழகியதை மாற்றவும் கூடும்.

அச்சம் என்ற சொல்லும் பொருந்தாத நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2020 மே 25ஆம் நாள் மினியாபொலிசில், இருபது டாலர் கள்ளநோட்டுக் கொடுத்ததாக ஐயத்தின்பேரில் பிடிக்கப்பட்ட ஜார்ஜ் ஃபிளாய்டு கைவிலங்கோடு குப்புறக் கிடந்தார். டெரக் சோவின் என்னும் காவலர் ஒன்பது நிமிடத்துக்கு மேல் அவர் கழுத்தில் முழங்காலை அழுத்தியிருந்தார். மற்ற மூன்று காவலர் உடனிருந்தனர். அங்கே விநாடியில் முடிவெடுக்கும் அவசரம் இல்லை. தெருவில் நின்றவர்கள் விட்டுவிடும்படி கெஞ்சினர். 2021இல் சோவின் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, இருபத்திரண்டரை ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அச்சம் ஓய்ந்த பின்னும் எதிரே கிடப்பவரை மனிதராகக் காணாத மயக்கம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதற்கு அந்த ஒன்பது நிமிடமே சாட்சி.

காவலனும் ஒரு தாயின் மகன்தான் என்பதையும் மறக்கலாகாது. 2016 சூலை 7ஆம் நாள் டல்லாசில், கறுப்பினத்தார் சுடப்பட்டதைக் கண்டித்து ஊர்வலம் சென்ற இடத்தில், கறுப்பின முன்னாள் இராணுவ வீரன் ஒருவன் ஐந்து காவலரைச் சுட்டுக் கொன்றான். வெள்ளையரைக் கொல்ல விரும்புவதாக அவன் கூறினான். அவனும் தோலைக் கண்டான், மனிதரைக் காணவில்லை. பகை பகையால் தணியாது என்னும் போதனை அநீதிக்கு உள்ளானவர்களுக்கு வாய்ப்பூட்டு அன்று. தம்மை வதைத்த அதே கண்ணைத் தாமும் அணிந்துகொள்ளாதிருக்கும் எச்சரிக்கை அது.

ஆகவே நம் முடிவு இது: அச்சம் ஒரு செயலை விளக்கலாம், நியாயமாக்காது. மெய்யான தேவையே நியாயமாக்கும். அத்தேவை இருந்ததா என்பதைச் சுட்டவன் மட்டும் சொல்லித் தீர்க்கலாகாது. அவன் துறைக்கு உட்படாதவர் ஆராய வேண்டும். அச்சமே தேவையாகத் தோன்றாதபடி காவலனைப் பழக்குவதும் அரசின் கடன். விலகி நிற்கவும், மறைந்து நின்று பேசவும், காத்திருக்கவும் அவனுக்குக் கற்பிக்கலாம். ஃபிளாய்டின் பெயரால் கொண்டுவரப்பட்ட போலீஸ் சீர்திருத்த மசோதா 2020இலும் 2021இலும் மக்கள் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. செனட் சபையைக் கடக்கவில்லை. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கிய மணிமேகலையைப் போற்றும் நாம், தண்டனை செய்யும் இடங்களையும் அறத்துக்குக் கொண்டுவர முடியும் என்று நம்புகிறோம்.

சகோதர சகோதரிகளே! பிறர் நம்மைக் கண்டு விலகிய கண்ணை நாம் அறிவோம். அதனால் நம் கண் தானாகவே தூயதாகிவிடாது. இரவில் தெருவில் வரும் அயலானை, வேற்றுமொழி பேசும் கூலியாளை, கந்தல் உடுத்தவனைக் கண்டதும் நம் நெஞ்சில் எழுவது யாது? அவன் செய்ததைக் கண்டு எழுகிறதா, அல்லது அவன்மீது ஒட்டப்பட்ட பெயரைக் கண்டு எழுகிறதா? நம் கையில் துப்பாக்கி இல்லை. ஆயினும் இக்கேள்வியை நாள்தோறும் நம்மிடமே கேட்டுப் பழகுவதும் முதற் சீலத்தைக் காப்பதே ஆகும்.

எல்லா உயிர்களும் அச்சமின்றி வாழ்க!