பெயின்ட் காயும் நேரம்

ஜப்பானின் டாமியா கம்பெனி, 1976-ல் வெளியிட்ட போர்ஷே 934 மாடலுக்காக, நிஜமான போர்ஷே 911 ஒன்றையே விலைக்கு வாங்கி, அக்கக்காகக் கழற்றி அளவெடுத்தது. பொம்மைக்கு அவ்வளவு சிரத்தை!

நானும் அந்தக் கட்சிதான். 24-ல் ஒரு பங்கு கார் கிட். நாலு மீட்டர் கார், மேஜைமேல் 17 சென்டிமீட்டர். அரிசி சைஸ் கண்ணாடியை இடுக்கியில் பிடித்து, மூச்சடக்கி ஒட்டுவேன். பெயின்ட் காய ஒரு நாள் முழுக்கக் காத்திருப்பேன்.

அதே ஆசாமி, போன வாரம் நிஜக் காரில், ரோட்டைக் கடந்த பெரியவருக்கு நாலு செகண்டு தராமல் ஹாரனை அமுக்கினான். 50 கிலோமீட்டர் வேகத்தில் கார் செகண்டுக்கு 14 மீட்டர் பாயும் என்று தெரிந்தும்! அவர் மிரண்டுபோய் நடுரோட்டிலேயே நின்றுவிட்டார். நல்லவேளை, பிரேக் பிடித்தது.

யோசித்துப் பாருங்கள். மேஜையில் நான் காட்டுவது பொறுமையா, ஆசையா? பெயின்ட்டுக்குக் காத்திருந்தால் எனக்கு ஒரு கார் கிடைக்கிறது. பெரியவருக்குக் காத்திருந்தால் எனக்கு ஒன்றும் கிடைக்காது. ஒன்றும் கிடைக்காத இடத்தில் காத்திருப்பதற்குத்தானே பொறுமை என்று பேர்?

இப்போதெல்லாம் யாராவது குறுக்கே வந்தால், 'பெயின்ட் காய்கிறது' என்று சொல்லிக்கொள்கிறேன். நீங்களும் சொல்லிப் பாருங்களேன்.