சால் கட்டாத கவலை

ஊர் போய்ச் சேர்ந்தவுடன் தொலைபேசியில் அழைப்பதாகச் சொல்லிப் புறப்பட்ட மகனிடமிருந்து இரவு பத்து மணி கடந்தும் அழைப்பு வராதபோது, தாயின் மனம் முதலில் வண்டி தாமதமோ என்று எண்ணுகிறது. அவ்வெண்ணம் முடியுமுன்பே விபத்தோ என்று கிளைக்கிறது. அதிலிருந்து ஆஸ்பத்திரி, கடன், அநாதரவு என்று கிளைக்குமேல் கிளை விட்டு, விடிவதற்குள் நடவாத துக்கம் அனைத்தையும் அவள் அனுபவித்துத் தீர்த்துவிடுகிறாள். என்றோ ஒருநாள் நேர்வதன்று இது; நம்மில் பலருக்கு இதுவே நித்திய அநுஷ்டானமாகிவிட்டது.

தமிழில் 'கவலை' என்னும் சொல்லுக்கு மனவருத்தம் என்பதோடு, பாதை பலவாகப் பிரியும் இடம் என்ற பழம்பொருளும் உண்டு. மாடு பூட்டிக் கிணற்றுநீர் இறைக்கும் சாதனத்துக்கும் அதுவே பெயர். சிறுவயதில் கிணற்றுமேட்டில் நின்று அதைப் பார்த்திருக்கிறேன். மாடுகள் சரிவில் இறங்க, வடம் முறுக்கேறி இறுகும். நிறைந்த சால் மேலே வந்து, தோல்வாய் வழியே நீரைக் கொட்டும். மாடுகள் அதே தடத்தில் பின்வாங்கி மேடேறும். நாள் முழுதும் நடந்தும் அவை கிணற்றடியை விட்டு அகலவில்லை. ஆயினும் பாத்திகள் நனைந்தன. கலங்கிய மனமும் அவ்வாறே ஒரே சரிவில் ஏறி இறங்குகிறது. ஆனால் அதன் வடத்தில் சால் இல்லை.

சிந்திப்பது குற்றமாகாது. தெரிந்து செயல்வகைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரே இடுக்கண் அழியாமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். ஓர் எண்ணம் ஒரு செயலிலே போய் முடியுமானால் அது விசாரம். முடியாமல் மீண்டும் புறப்பட்ட இடத்துக்கே வருமானால் அது வெறும் அலைச்சல்.

அஞ்சும் மனம் எதையும் இறுதிவரை நோக்குவதில்லை. நோக்குமுன்பே வேறு கிளைக்குத் தாவிவிடுகிறது. 1896-ஆம் ஆண்டு மதுரையில், சிறிய தகப்பனார் வீட்டு மாடியில், நோய் ஏதுமின்றியே திடீரென மரணபயம் பற்றிக்கொண்ட 16 வயதுச் சிறுவன் வேங்கடராமன், உதவி தேடி ஓடாமல், பிணம்போல் நீட்டிப் படுத்து, சாவது எது, சாகாமல் எஞ்சுவது எது என்று அந்தப் பயத்தையே முற்றும் நோக்கினான்; அப்போதே அது அவனை விட்டு அகன்றது. பின்னாளில் ரமண மகரிஷியாக அவர் உபதேசித்ததும், எழும் எண்ணத்தின் பின்னே போகாமல், அது யாருக்கு எழுகிறது என்று திரும்பிப் பார்க்கும் விசாரத்தையே.

இந்தத் தைரியம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அவ்வாறு வாய்க்காத நமக்காகவே வைஷ்ணவ ஆசாரியர்கள் சரணாகதியைச் சொன்னார்கள். தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியைப்போல ஜீவன் பகவானைப் பற்றவேண்டும் என்றும், தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியைப்போல வாளா கிடந்தால் போதும் என்றும் இரு சம்பிரதாயங்கள் வேறுபட்டாலும், சுமப்பவள் தாய் என்பதில் இரண்டுக்கும் பேதமில்லை. வேதாந்த தேசிகர் இந்தச் சரணாகதியைப் பரந்யாசம் என்றும் சொன்னார். பாரத்தை வைத்துவிடுதல் என்று பொருள்.

பாரத்தை வைத்தவன் கடமையையும் விட்டுவிடுவானோ என்று ஐயுறலாம். அருச்சுனனின் சோகத்தில் தொடங்கும் கீதையில், சரணடையச் சொல்லும் சரம சுலோகம் வருந்தாதே என்ற ஆணையோடு முடிகிறது. அதைக் கேட்டவன் உறங்கப் போகவில்லை, வில்லை எடுத்தான். பலனின் பாரம் இறங்கினால்தான் கை செயலுக்கு ஒழிகிறது. உறக்கமும் உணவும் கெடும்படி கலக்கம் முற்றினால் வைத்தியரை நாடுவதும் சரணாகதிக்கு விரோதமன்று; அவர் மூலமாகவும் பகவானே காக்கிறான்.

ஆகையால் அந்தத் தாய் ஒருமுறை தானே மகனை அழைக்கட்டும். பதில் இல்லையேல், காலையில் யாரிடம் விசாரிப்பது என்பதை ஒரு தாளில் எழுதட்டும். அவ்வளவே அன்றிரவுக்கு உரிய சால். பிறகு விளக்கின்முன் அமர்ந்து, வழக்கமாகச் சொல்லும் நாமத்தைச் சொல்லிவிட்டுப் படுக்கட்டும். மனம் மீண்டும் ஓடும். ஓடினால் மீண்டும் வைக்கவேண்டும். அப்பியாசம் என்பது அதுதான்.

பொழுது சாய்ந்ததும் உழவர் மாடுகளை நுகத்திலிருந்து அவிழ்த்துவிடுவார். கிணற்றில் இன்னும் நீர் இருக்கிறதே என்று அவர் இரவெல்லாம் ஓட்டியதில்லை.